பிக்கப்பில் சும்மா கிடக்கிற இடத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நான் மின்வேலை எடுத்துச் செய்கிறேன். பெரும்பாலும் தனியாள்தான். டபுள் கேப் பிக்கப் வைத்திருக்கிறேன், வண்டிக் கடன் இன்னும் ஓடுகிறது. பின்தொட்டியில் கருவிகள் சிதறிக் கிடப்பதால் தினமும் 20 நிமிடமாவது தேடுவதிலேயே போகிறது. ஆனால் பின்சீட்டுக்கு அடியிலும் தொட்டியின் இரண்டு ஓரங்களிலும் இடம் காலியாகவே இருக்கிறது. டிராயர்களும் மேல்மூடியும் சேர்த்துப் பொருத்த என்னுடைய 45 நாள் வருமானம் செலவாகுமாம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 36 மாதத் தவணைக்குக் கடனும் கொடுப்பார்களாம். என் மச்சான் வேறு, “காலி இடத்தில் மற்றவர்கள் சரக்கை ஏற்றிக் காசு பாருங்கள்” என்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: செலவை நாள் கணக்கில் சொன்னீர்கள் பாருங்கள், அதிலேயே என் வேலை பாதி முடிந்தது. நாமும் அதே கணக்கில் போவோம்.

தினம் 20 நிமிடம், மாதம் 25 வேலை நாள் என்றால் 500 நிமிடம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் மாதத்துக்கு ஒரு நாளும் கொஞ்சமும். டிராயர் வந்தபிறகு தேடுகிற நேரம் முழுக்கவே மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம் (ஆகாது, ஆனாலும் வைத்துக்கொள்வோம்). 45 நாள் வருமானம் திரும்பி வர ஏறக்குறைய 43 மாதம் ஆகும். கடனில் வாங்கினால் அந்த 45 நாள், வட்டியோடு சேர்ந்து கிட்டத்தட்ட 54 நாளாகிவிடும். அதை மீட்க 52 மாதம் வேண்டும். தவணை 36 மாதத்தில் முடிந்துவிடும், பலன் வந்து சேர 52 மாதம். நடுவில் உள்ள இடைவெளியை உங்கள் கைக்காசுதான் நிரப்ப வேண்டும்.

மிச்சமாகிற நேரம் காசாக மாறுமா என்பது வேறு கேள்வி. மாதம் எட்டு மணி நேரம் மிச்சமாகி, அதில் கூடுதலாக ஒரு வேலை எடுத்தால் அது வருமானம். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் நல்லதுதான், நானும் அதையே செய்வேன். ஆனால் அது தவணை கட்டாது.

இப்போது காலி இடத்துக்கு வருவோம். கடன் வாங்காமலேயே அதை எடுத்துக்கொள்ளலாம். பின்சீட்டின் அடிப்பகுதியைத் தூக்கிப் பாருங்கள். நிறைய டபுள் கேப் வண்டிகளில் ஜாக்கியும் அதன் கம்பியும் சீட்டுக்கு அடியிலோ பின்னாலோதான் இருக்கும். சுற்றிலும் உள்ள இடத்தை அளந்து, அட்டையில் ஒரு மாதிரி வெட்டி வைத்துப் பார்த்துவிட்டு, பிளைவுட்டில் தட்டையாக ஒரு தட்டு செய்துகொள்ளலாம். மீட்டர், டெஸ்டர், டிரில் பிட் மாதிரி நனையக்கூடாத சில்லறைச் சாமான்களுக்கு அதைவிட நல்ல இடம் வண்டியில் இல்லை. ஆனால் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். சடன் பிரேக்கில் கேபினுக்குள் பறக்கிற ஸ்பேனர் சாதாரணமாக வந்து விழாது.

அடுத்தது தொட்டியின் ஓரங்கள். சக்கரத்துக்கு மேலே புடைத்திருக்கிற மேட்டுக்கும் டெயில்கேட்டுக்கும் (தொட்டியின் பின்கதவு) நடுவில் இரண்டு பக்கமும் ஒரு மூலை இருக்கிறதல்லவா? தரை அகலமாகத் தெரிந்தாலும் பெரிய பொருள் எதுவும் அங்கே உட்காராது. அந்த மூலைக்கென்றே வளைவான பெட்டிகள் விற்கிறார்கள். தினமும் கையில் எடுக்கிற பத்துப் பன்னிரண்டு கருவிகளை அதில் போட்டால், தொட்டிக்குள் ஏறாமல் தரையில் நின்றபடியே எடுக்கலாம். நீங்கள் தேடுகிற 20 நிமிடத்தில் பெரும்பகுதி இந்தக் கருவிகளுக்காகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: எதைத் தேடினீர்கள், எவ்வளவு நேரம். என் ஊகம் தப்பென்றால் கணக்கையும் மாற்றிக்கொள்வோம்.

மூன்றாவதாக, கேபினை ஒட்டித் தொட்டியின் குறுக்கே பூட்டுப் போடக்கூடிய ஒரு பெட்டி. தரையில் ஏற்கெனவே இருக்கிற கட்டுவளையங்களில் இறுக்கிவிடுங்கள், துளை போடவேண்டாம். இதைத் தேடும் நேரத்துக்காகச் சொல்லவில்லை, திருட்டுக்காகச் சொல்கிறேன். வண்டிக் காப்பீடு பொதுவாக வண்டிக்குத்தான். உள்ளே இருக்கிற தொழில் கருவிகளுக்குத் தனிக் காப்பீடு தேவைப்படும். அதிலும் இரவில் பூட்டிய பெட்டியில் இருந்தால்தான் இழப்பீடு என்ற மாதிரி நிபந்தனை இருக்கலாம். உங்கள் பாலிசியை எடுத்துப் படியுங்கள். திறந்த தொட்டியில் ஒரு மாத வருமானத்துக்கான கருவிகள் கிடந்தால், முதல் செலவு இந்தப் பெட்டிதான்.

இந்த மூன்றும் சேர்த்து ஆறு நாள் வருமானத்துக்குள் முடிகிறது என்று வைப்போம். 20 நிமிடத்தில் 12 நிமிடம் மிச்சம் என்றால் மாதம் ஐந்து மணி நேரம். பத்து மாதத்துக்குள் போட்ட காசு வந்துவிடும். மீதி எட்டு நிமிடத்துக்காகத்தான் நீங்கள் இன்னும் 39 நாள் வருமானத்தைக் கொட்டப் போகிறீர்கள். அது திரும்பி வரக் கிட்டத்தட்ட எட்டு வருடம். டிராயரைத் தனியாகப் பார்த்தால் சுமாரான செலவு போலத் தெரியும். சின்னப் பெட்டிகளை முதலில் வைத்துவிட்டுப் பார்த்தால்தான் அதன் உண்மையான விலை தெரியும். விற்கிறவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டமாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

எடையையும் மறக்காதீர்கள். வண்டி ஏற்றக்கூடிய எடை என்று தயாரிப்பாளர் சொல்வது தொட்டிச் சரக்கை மட்டும் அல்ல. உள்ளே உட்காருகிற ஆட்களும் நீங்கள் பின்னால் பொருத்துகிற எல்லாமும் அதில் அடக்கம். இரும்பு டிராயர் இரண்டும் மேல்மூடியும் சேர்ந்தால் வெறும் எடையே 150 கிலோவைத் தொட்டுவிடலாம். ஒரு ஸ்க்ரூ கூட ஏற்றாதபோதே அத்தனை எடையைத் தினமும் சுமந்துகொண்டு போவீர்கள். கூடுதலாக ஏறும் ஒவ்வொரு 45 கிலோவுக்கும் எரிபொருள் சிக்கனம் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் பொதுக் கணக்கு. கனமான வண்டியில் பாதிப்பு கொஞ்சம் குறைவாக இருக்கும். சின்னத் தொகைதான், ஆனால் ஒவ்வொரு நாளும் போகிற தொகை. கூரைமேல் பெட்டி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். நெடுஞ்சாலையில் மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் அது எரிபொருள் சிக்கனத்தை 10 முதல் 25 சதவீதம் வரை குறைக்கக்கூடும் என்று அதே துறை சொல்கிறது.

டிராயரால் இன்னொரு நஷ்டமும் உண்டு. தொட்டியின் தரை ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமாகவே மேலே வந்துவிடும். உயரமான பேனல் பெட்டியையோ பெரிய கேபிள் உருளையையோ மேல்மூடிக்குக் கீழே நிமிர்த்தி வைக்க முடியாமல், வாடகை வண்டி கூப்பிட வேண்டி வரும். பிக்கப் வாங்கியதே அதற்காகத்தானே? வண்டியை விற்கும்போதும் இந்த மாதிரிப் பொருத்தங்களுக்குப் போட்ட விலை கிடைக்காது. கழற்றி அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகிற பெட்டிக்கு மதிப்பு இருக்கும்.

கேட்காமலேயே ஒன்று சொல்கிறேன். இடவசதிக்காக வண்டியையே மாற்றலாமா என்ற யோசனை அடுத்து வரும், பலருக்கு வந்திருக்கிறது. ஹோண்டா ரிட்ஜ்லைனில் தொட்டித் தரைக்கு அடியிலேயே பூட்டுகிற அறை உண்டு. 2022-இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் மின்பிக்கப்பில், எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் 400 லிட்டர் கொள்ளளவுள்ள முன்பெட்டி இருக்கிறது. அருமையான ஏற்பாடுகள்தான். ஆனால் ஓடுகிற கடனை முடித்துவிட்டு, அடுத்த வண்டி எடுக்கும் வேளை தானாக வரும்போது பார்க்கவேண்டியவை இவை.

சரி, எப்போது நான் டிராயருக்குச் சம்மதிப்பேன்? உதவியாளர் தினமும் வருகிறார் என்றால் நீங்கள் தேடும் ஒவ்வொரு நிமிடமும் இரண்டு பேர் கூலி. கணக்கு உடனே மாறும். அல்லது, ஒரு பொருள் கையில் இல்லாமல் வேலையைப் பாதியில் நிறுத்திக் கடைக்கு ஓடுவது அடிக்கடி நடக்கிறது என்றால். ஒருமுறை கடைக்குப் போய் வருவதே மூன்று நான்கு நாள் தேடலைச் சாப்பிட்டுவிடும். நோட்டில் அதையும் குறித்துவையுங்கள். ஆனால் பாதி நேரம் அதற்குக் காரணம் இடம் இல்லாதது அல்ல, காலையில் பட்டியல் பார்க்காதது. பெரிய டிராயர் வந்தால் சரக்கும் தானாக வந்து நிறையும்: “கையிருப்பில் இருக்கட்டும்” என்று வாங்கிய சுவிட்சும் பிரேக்கரும் வருடக்கணக்கில் உங்கள் பணத்தைப் பூட்டி வைத்திருக்கும். சம்மதித்தாலும் கடன் வேண்டாம். சின்னப் பெட்டிகளால் மிச்சமாகிற தொகையை மாதாமாதம் தனியே ஒதுக்கிச் சேர்த்து வாங்குங்கள்.

மச்சான் யோசனை பாதி சரி. நீங்கள் எப்படியும் போகிற வழியில் ஒருவர் சரக்கை ஏற்றினால் கூடுதல் செலவு கொஞ்சம்தான். ஆனால் சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்பீடுகளில், கூலிக்குச் சரக்கு ஏற்றினால் இழப்பீடு இல்லை என்ற விதி பெரும்பாலும் இருக்கும். ஒரு விபத்து நடந்தால், பத்து வருடம் சரக்கு ஏற்றி வாங்கிய கூலியும் அதற்குப் போதாது. முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். சரக்கு ஏற்றும் உரிமம் தனியாக வேண்டுமா என்றும் விசாரியுங்கள். அனுமதி கிடைத்தால், தூரத்துக்கு மட்டும் கூலி பேசாதீர்கள். வழி மாறிப் போவதற்கும், ஏற்றி இறக்கக் காத்திருப்பதற்கும் உங்கள் ஒரு மணி நேர வருமானம் எவ்வளவோ அதைச் சேர்த்துக் கேளுங்கள். அந்தக் கூலிக்கு ஆள் வந்தால் நல்லது. வராவிட்டால் இடம் காலியாகவே இருக்கட்டும், அதனால் உங்களுக்கு ஒரு காசும் நஷ்டமில்லை.

அப்புறம், பின்சீட்டுக்கு அடியில் தட்டு செய்யும்போது ஜாக்கியை அதற்குக் கீழே புதைத்துவிடாதீர்கள். மழையில் பஞ்சர் ஆகிற அன்றைக்கு, முதலில் மீட்டரையும் டெஸ்டரையும் சாலையோரத்தில் இறக்கி வைக்க வேண்டி வரும்.