புண் ஆறிப்போச்சு, இனிமேல் பயமில்லையா டாக்டர்?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். வயது 31. துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். மூன்று மாதத்துக்கு முன் வெளியூர் லோடு போன இடத்தில் ஒரு பெண்ணோடு ஆணுறை இல்லாமல் இருந்துவிட்டேன். சில வாரத்தில் ஆணுறுப்பில் ஒரு புண் வந்தது. வலியே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரையும் களிம்பும் வாங்கினேன், ஆறிவிட்டது. இப்போது உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றன, அரிப்பு இல்லை. மனைவி நான்கு மாதக் கர்ப்பிணி. அவளிடம் சொல்லாமல் நான் மட்டும் ஊசி போட்டுக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது.

நேரில் பார்க்காமல் முடிவுகட்டக் கூடாதுதான். ஆனால் வலியில்லாத புண், அது ஆறியபின் உள்ளங்கையில் அரிக்காத புள்ளிகள் என்று நீங்கள் எழுதியிருப்பது அப்படியே சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் போக்கு. வீட்டுப் பெரியவர்கள் கிரந்தி என்பார்களே, அதுதான்.

மாத்திரைதான் புண்ணை ஆற்றியது என்று நினைக்கிறீர்கள். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் அது ஆறியிருக்கும். அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். கையில் தெரியும் புள்ளிகள் அதைத்தான் காட்டுகின்றன. உள்ளங்காலையும் வாய்க்குள்ளும் பாருங்கள். இந்தப் புள்ளிகளும் ஒருநாள் மறையும். அப்போதும் சும்மா இருந்துவிட்டால் பல வருடம் கழித்து மூளை, இதயம் வரை போய்ப் பாதிக்கலாம். மெடிக்கல் ஷாப்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் நாலு பேர் நிற்கும்போது நீங்களும் 'சின்னப் புண்ணு' என்றுதான் முனகியிருப்பீர்கள்.

மனைவி விஷயம்தான் அவசரம். இந்தக் கிருமி தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம், பிறந்தாலும் குறைகளோடு பிறக்கலாம். கர்ப்பம் உறுதியானதும் எச்.ஐ.வி.யோடு சிபிலிஸும் பரிசோதித்திருப்பார்கள். அதில் 'இல்லை' என்று வந்திருந்தாலும் அது அன்றைய நிலவரம். அதற்குப் பிறகும் உங்களிடமிருந்து தொற்றியிருக்கலாம். எனவே அவர் பரிசோதித்துச் சிகிச்சை எடுக்க வேண்டும், அதற்கு விஷயம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

மருந்து பழையது, பென்சத்தீன் பென்சிலின். ஆரம்பக் கட்டத்துக்கு 24 லட்சம் யூனிட், இரண்டு புட்டத்திலும் பிரித்து ஒரே தடவை போடுவார்கள். நன்றாக வலிக்கும். இந்த நோயில் பிள்ளையைக் காப்பாற்றும் மருந்தும் இதுதான், கர்ப்பத்தில் தாராளமாகப் போடலாம். முன்பு பென்சிலின் ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட அன்று காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் பதறாதீர்கள், ஒரு நாளில் அடங்கிவிடும். ஆனால் மனைவிக்கு வயிறு இறுக்கிப் பிடித்தாலோ குழந்தை அசைவு குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிகிச்சை முடிந்து புள்ளிகள் முழுதும் மறையும்வரை உடலுறவு வேண்டாம். பிறகு 3, 6, 12 மாதங்களில் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனையை நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்வார்கள். உங்களுக்கு மூன்று மாதம் கடந்துவிட்டதால் இப்போது வரும் முடிவை நம்பலாம். அதை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017 எச்.ஐ.வி. சட்டமே இருக்கிறது. மனைவியிடம் தனியாகப் பேச வாய் வரவில்லை என்றால் அங்குள்ள ஆலோசகர் உடனிருந்து உதவுவார். போவதற்கு முன் ஏதாவது கேட்க வேண்டுமானால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.

நாளைக்கு லோடு இருந்தால் வேறு டிரைவரை அனுப்பச் சொல்லிவிட்டு, காலையிலேயே இரண்டு பேரும் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள்.