வெளிநாட்டு பிபிஎல் சொந்த நாட்டில் செல்லுமா?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்த்தபோது பிபிஎல் (தனியார் விமானி லைசென்ஸ்) எடுத்தேன். இப்போது குடும்பத்தோடு சொந்த நாட்டுக்கே திரும்புகிறேன். இதை வைத்து அங்கே விமானம் ஓட்ட முடியுமா, மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

பதில்: அப்படியே செல்லாது. ஆனால் முதலிலிருந்து படிக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் வராது.

சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையில் 33-ஆவது பிரிவைப் பார்த்துவிட்டு, ஒரு நாட்டு லைசென்ஸ் எல்லா நாட்டிலும் செல்லும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முந்தைய பிரிவையும் படியுங்கள். தன் குடிமக்கள் வேறு நாட்டில் வாங்கிய லைசென்ஸைத் தன் வான்பரப்பில் ஏற்க மறுக்கும் உரிமையை அது ஒவ்வொரு நாட்டுக்கும் தருகிறது. அதனால்தான் உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் லைசென்ஸை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்களுக்குக் கைகொடுக்கப்போவது பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் லாக்புக்தான். பிபிஎல்லுக்குச் சர்வதேசக் குறைந்தபட்சம் 40 மணி நேரம் (அங்கீகாரம் பெற்ற பயிற்சியென்றால் 35). அதில் 10 மணி நேரம் சோலோ, அதாவது இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாகப் பறப்பது. அந்தச் சோலோவில் 5 மணி நேரமாவது வெளியூர்ப் பறத்தல், ஒரு பயணம் குறைந்தது 270 கிலோமீட்டர்.

இங்கேதான் சிக்கல் வரும். லைசென்ஸ் வாங்கிய பிறகு இன்ஸ்ட்ரக்டரோடு பறந்த நேரத்தையும், கன்ட்ரோல் உங்கள் கையில் இருந்தால், பிஐசி (பொறுப்பு விமானியாகப் பறந்த நேரம்) என்று எழுத அமெரிக்க விதி இடம் தருகிறது. பல நாடுகளில் அதே நேரம் வெறும் டூயல்தான், அதாவது இன்ஸ்ட்ரக்டரோடு பறந்த பயிற்சி நேரம். ஆகவே மொத்தத்தை நம்பாமல், ஒவ்வொரு வரியாகப் பார்த்து சோலோ, டூயல், பிஐசி மூன்றையும் தனித்தனியே கூட்டி வையுங்கள். பயிற்சிப் பள்ளியின் கையெழுத்தும் முத்திரையும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். அப்புறம் மின்னஞ்சலில் கெஞ்சிக்கொண்டிருப்பது பெரிய அவஸ்தை.

பணம் கட்டும் முன் மெடிக்கல் முடியட்டும். கேட்பது வகுப்பு 2 மருத்துவச் சான்று, அதுவும் உங்கள் நாடு அங்கீகரித்த மருத்துவரிடம். அமெரிக்காவில் மருத்துவச் சான்றுக்குப் பதிலாக ஏற்கப்படும் எளிய முறையான பேசிக்மெட் இதற்கு எடுபடாது.

வான்சட்டத் தேர்வு அநேகமாக எழுத வேண்டியிருக்கும். அதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 18,000 அடி வரை உயரமானியில் உள்ளூர்க் காற்றழுத்தத்தை வைத்துப் பறந்த உங்களுக்கு, பல நாடுகளில் 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது அளவுக்கு மாறும் உயரம் அதைவிட மிகக் கீழே இருக்கும்.

உங்கள் லைசென்ஸ் உண்மையானதுதானா என்று அமெரிக்க ஆணையத்திடம் உங்கள் நாடு கேட்டு உறுதி செய்யும். அந்தக் கடிதம் வர நாளாகலாம். விண்ணப்பத்தை முதல் வாரமே போட்டுவிடுங்கள்.