அரைச் செக்கேல் எங்கே போனது?

கேள்வி: எங்கள் கோயிலின் புதுக் கட்டடத்துக்கு என்னால் 500 ரூபாய்தான் கொடுக்க முடிந்தது. வீட்டுக்காரர் கடற்றொழில், இந்த வாடையில் படகு இறக்காத நாள்தான் அதிகம். லட்சம் கொடுத்தவர்களின் பெயரை வாசலில் கல்லில் வெட்டப்போகிறார்களாம். போன ஞாயிறு பூசையில் ஃபாதர் பாலைவனத்துக் கூடாரத்தைப் பற்றிச் சொன்னார். அதைத் தங்கள் அன்றாட வாழ்க்கைக்கு யூதர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: சகோதரி, உங்கள் 500 ரூபாயிலிருந்தே தொடங்குகிறேன். விவிலியத்தின் விடுதலைப் பயண நூலில், எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரயேலர் மோசேயின் தலைமையில் பாலைவனத்தில் அமைத்த வழிபாட்டுக் கூடாரத்துக்கு இரண்டு விதமாகப் பொருள் சேர்கிறது. ஒன்று, மனம் வந்தவர்கள் அள்ளிக் கொடுத்தது. மற்றது ஆளுக்கு அரைச் செக்கேல் வெள்ளி (செக்கேல் என்பது அன்றைய எடை அளவு); பணக்காரர் கூட்டவும் கூடாது, ஏழை குறைக்கவும் கூடாது. 603,550 ஆண்கள் கொடுத்த அந்த வெள்ளியில் 100 தாலந்தை (ஒரு தாலந்து 3,000 செக்கேல்) உருக்கி, தாலந்துக்கு ஒன்றாக 100 பாதங்கள் வார்த்தார்கள். உப்புவெளிக் கரையில் பந்தல் கால் நட்டவர்களுக்குத் தெரியும், வெறும் மணலில் கால் நிற்காது. பொன் தகடு போர்த்திய பலகைகள் நின்றதும் இந்தப் பாதங்களின் மேல்தான். கணக்குப் போட்டால் ஒரு பாதத்துக்குள் 6,000 பேரின் காசு இருக்கிறது, அதில் யாருடையது எது என்று யாரால் பிரிக்க முடியும்? இன்றும் பூரிம் திருநாளுக்கு முன் அரைச் செக்கேலின் நினைவாக ஏழைகளுக்குக் காசு கொடுக்கும் வழக்கம் யூதர்களிடம் உண்டு.

எனக்கு மிகப் பிடித்தது வெண்கலத் தொட்டி. அது பெண்கள் கொடுத்த கண்ணாடிகளால் ஆனது, அந்தக் காலக் கண்ணாடி மெருகேற்றிய வெண்கலம். அலங்காரச் சாமான் என்று மோசே வாங்கத் தயங்கியதாகவும், எல்லாவற்றையும்விட இவைதான் எனக்குப் பிரியம் என்று கடவுள் சொன்னதாகவும் 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி எழுதுகிறார். ஏனென்றால் எகிப்தில் அடிமை வேலையில் நொந்து கிடந்த கணவர்களை அந்தப் பெண்கள் தேற்றியது இந்தக் கண்ணாடிகளை வைத்துத்தான். வாடையில் தொழில் இல்லாமல் இருக்கும் மனுசனுக்குச் சோறு போட்டு இரண்டு நல்ல வார்த்தை பேசுகிறீர்களே, அதையும் நான் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

‘அவர்கள் நடுவில் குடியிருப்பேன்’ என்கிறது வசனம், கூடாரத்தின் நடுவில் என்று சொல்லவில்லை. யூத உரைகாரர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 70ஆம் ஆண்டு ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்த பிறகு, பலிபீடத்தின் இடத்தில் இப்போது அவரவர் சாப்பாட்டு மேசை என்றது ரபிகள் எனும் யூத மத ஆசிரியர்களின் போதனைத் தொகுப்பான தல்மூத். ஏழை யாராவது வருவாரா என்று சாப்பாட்டை நீட்டிக்கொண்டு இருப்பவரைப் பற்றிப் பேசுமிடத்தில் அது வருகிறது. அப்புறம் ஓய்வுநாள். கூடார வேலைகளை 39 வகையாகப் பிரித்து, அந்த நாளில் அவை எதையும் தொடாதே என்றார்கள் ரபிகள்.

கல்லில் பெயர் வெட்டுவதைக் குறை சொல்ல மாட்டேன், கைவினைஞர் பெசலேலின் பெயரும் நூலில் இருக்கிறதே. ஆனால் மோசே கணக்கும் எழுத வைத்தார், கொளுக்கிகளுக்குப் போன 1,775 செக்கேல் வரைக்கும். உங்கள் நிதிக் குழுவிடமும் அப்படியொரு கணக்கைக் கேளுங்கள். 500 ரூபாய் கொடுத்தவருக்கும் கேட்கும் உரிமை இருக்கிறது.