எப்போது கூட்ட வேண்டும், எப்போது பெருக்க வேண்டும்?

‘அல்லது’ என்றால் கூட்டு, ‘மற்றும்’ என்றால் பெருக்கு என்று மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறும் கணக்கு இது: பகடையை 4 முறை உருட்டினால் ஒரு முறையாவது 6 விழ நிகழ்தகவு என்ன?

1/6-ஐ நான்கு முறை கூட்டி 4/6 என்பார்கள். தவறு. அப்படியே போனால் 7 உருட்டலுக்கு 7/6 வந்துவிடும்; நிகழ்தகவு 1-ஐத் தாண்டவே தாண்டாது! ஒன்றுக்கு மேற்பட்ட உருட்டல்களில் 6 விழலாம் என்பதால் அவை திரும்பத் திரும்ப எண்ணப்படுகின்றன. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளை, அதாவது ஒருசேர நடக்கவே முடியாதவற்றை, மட்டுமே அப்படியே கூட்டலாம்.

மாற்றி யோசியுங்கள். ஒரு முறை 6 விழாமலிருக்க 5/6. உருட்டல்கள் ஒன்றையொன்று சாராதவை, ஆகவே நான்கு முறை பெருக்குங்கள்: 625/1296. இதை 1-இலிருந்து கழித்தால் 671/1296, பாதியைவிடச் சற்றே அதிகம்.

பையில் 3 சிவப்பு, 2 நீலப் பந்துகள் இருந்து, எடுத்ததைத் திரும்பப் போடாவிட்டால் கதை வேறு. முதலில் சிவப்பு வந்தால் மிஞ்சும் 4 பந்துகளில் 2 மட்டுமே சிவப்பு. ஆகவே அடுத்தடுத்து எடுக்கும் இரண்டு பந்துகளும் சிவப்பாக வர 3/5 × 2/4 = 3/10.