ஜூன் மாதத்து நானும் மார்கழி மாதத்து நானும்

அன்புள்ள ஐயா,

திருவான்மியூரில் பரதம் ஆடுகிறேன், பகலில் ஐ.டி. வேலை. ஜூனில் அலுவலகத்தில் பதினாறு வகை ஆளுமைச் சோதனை வைத்தார்கள். இன்ட்ரோவர்ட், அதாவது தனிமை விரும்பி, என்று வந்தது. மார்கழியில் நான்கு சபாக்களில் ஆடி முடித்த மறுவாரம் மீண்டும் எழுதிப் பார்த்தேன். எக்ஸ்ட்ரோவர்ட், அதாவது கூட்டம் விரும்பி, என்கிறது. நான் மேடையில் நடிக்கிறேனா, வீட்டில் நடிக்கிறேனா?

எம்.

அன்புள்ள எம்.,

குழப்பத்தில் பாதி அந்தச் சோதனையின் குறை. உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட ஆளுமை வகைப்பாட்டை எடுத்து, உளவியலில் முறையான பயிற்சி பெறாத காதரைன் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் 1940களில் கேள்வித்தாளாக ஆக்கியதன் வழிவந்தவையே இப்போது புழங்கும் பதினாறு வகைகள். பெரும்பாலோர் நடுவில் குவிந்திருக்கும் ஓர் அளவுகோலை அது நட்டநடுவில் வெட்டி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் இன்னொருவர் என்கிறது. கோட்டருகே நிற்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடையை மாற்றினால் போதும், வகை மாறிவிடும்.

மீதிப் பாதிதான் கலைஞர்களுக்கே உரியது. சூழலுக்கேற்பத் தம் வெளிப்பாட்டைக் கவனித்துத் திருத்திக்கொள்ளும் இயல்பை அளக்க, மார்க் ஸ்னைடர் என்ற உளவியலாளர் 1974இல் இருபத்தைந்து கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். அதில் தொழில்முறை நாடக நடிகர்கள் பல்கலைக்கழக மாணவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். மேடை அவர்களை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவர்கள்தாம் மேடைக்கு வருகிறார்களா என்பதை அந்த ஒப்பீட்டைக் கொண்டு சொல்ல முடியாது. எனக்கு இரண்டும் கலந்தது என்றே படுகிறது.

என் அக்கா மகள் மயிலாப்பூரில் ஆடிய ஒரு மாலை, நிகழ்ச்சி முடிந்ததும் க்ரீன் ரூமுக்குப் போனேன். பத்து நிமிடத்துக்கு முன் கண்டிதை என்ற நாயகியாக நின்று, வேறொருத்தி வீட்டிலிருந்து விடியலில் திரும்பிய நாயகனை அரங்கமே அடங்கும்படி கடிந்தவள், ஜடையைக்கூடக் கழற்றாமல் தரையில் குந்தி, சலங்கையிலிருந்து தெறித்த ஒரு மணியைத் தேடிக்கொண்டிருந்தாள். வாசலில் பாராட்ட வந்தவர்கள் காத்திருக்க, "மாமா, யாரையும் உள்ளே விடாதீங்கோ" என்றாள். அந்த நேரத்தில் கேள்வித்தாளை நீட்டியிருந்தால் கூட்டம் பிடிக்காது என்றுதான் எழுதியிருப்பாள். மறுநாள் காலை விமர்சனத்தைப் படித்தபின் நீட்டியிருந்தால் வேறு விடை வந்திருக்கும். இரண்டு விடையிலும் பொய்யில்லை. 'பொதுவாக நீங்கள்' என்று தொடங்கும் கேள்விக்கு நாம் அண்மை நினைவைத்தான் துழாவுகிறோம், உங்களுக்கோ ஜூனில் கணினித் திரையும் டிசம்பரில் கைதட்டலும் அகப்பட்டிருக்கின்றன.

நடிக்கிறேனா என்ற கேள்விக்கு உங்கள் கலையிலேயே விடை இருக்கிறது. பிரிவில் வாடும் விரகோத்கண்டிதையாக ஏங்கியவர் அடுத்த பதத்தில் கண்டிதையாகச் சினந்தால், எது மெய் என்று எந்த ரசிகரும் கேட்பதில்லை. ஏங்குவதற்கும் சினப்பதற்கும் உள்ளே சரக்கு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். உங்கள் ஜூனையும் டிசம்பரையும் அப்படியே பாருங்கள்.

அலுவலகத்தில் உங்கள் வகையைக் குறிக்கும் அந்த நான்கெழுத்தைப் பெயரோடு சேர்த்துப் போடச் சொன்னால் போடுங்கள், பக்கத்தில் தேதியையும் குறித்துவிடுங்கள்.