மூளையில் பச்சை குத்தும் ஒளி

கேள்வி: என் தங்கைக்குப் பிரசவமாகி இரண்டு மாதம் ஆகிறது. குழந்தையைக் கையில் வாங்கக்கூட மனமில்லாமல் அழுதுகொண்டே இருந்தாள். சிகிச்சையில் இப்போது தேறி வருகிறாள். ‘பிரசவத்தோடு ஒரு ஹார்மோன் சட்டென்று குறைந்துவிடும், அது மூளையில் ஒரு புரதத்தில் ஒட்டித்தான் வேலை செய்கிறது’ என்றார் மருத்துவர். அப்படி ஒட்டும் இடத்தை ஒளியைப் பாய்ச்சிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று படித்தேன். மூளைக்குள் எப்படி வெளிச்சம் போகும்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தங்கை தேறி வருகிறார் என்று படித்ததும் எனக்கும் நிம்மதியாக இருந்தது.

யாருடைய தலைக்குள்ளும் ஒளி பாய்ச்சுவதில்லை, பயப்படாதீர்கள். எலி மூளையை அரைத்து, செல் சவ்வுகளை மட்டும் பிரித்தெடுத்து, குழாயில் வைத்துச் செய்கிற வேலை இது.

மருத்துவர் சொன்னது அலோபிரெக்னனலோனாக இருக்க வேண்டும். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனிலிருந்து உடல் தானே செய்துகொள்ளும் ஸ்டீராய்டு இது. கர்ப்பத்தின்போது ஏறிக்கொண்டே போகும்; பிரசவமானதும் சரியும். இந்த வகை ஸ்டீராய்டுகள் மூளையின் காபா ஏற்பியை, அதாவது நரம்புகளின் வேகத்தைத் தணிக்கும் புரதத்தை, ஊக்குவிக்கின்றன என்பது 1986இலேயே தெரியும். அந்தப் புரதத்தில் எந்த இடத்தில் போய் உட்காருகின்றன என்பதுதான் வெகுகாலம் பிடிபடவில்லை. ஸ்டீராய்டு எண்ணெய்ப் பசை உள்ள மூலக்கூறு. சவ்வின் கொழுப்பில் எங்கும் கரைந்து கிடக்கும். புரதத்தைப் பிரித்தெடுக்க சோப்புக் கரைசல் ஊற்றினால், இருந்த பிடியும் விட்டுப்போகும்.

நெற்றிக் குங்குமம் முகம் கழுவினால் போய்விடும். பச்சை குத்தியது போகாது. ஒளி இங்கே பச்சை குத்துகிறது. ஹார்மோனின் உடம்பிலேயே டையசிரீன் என்ற குட்டி வளையத்தை மாட்டிவிடுவார்கள். ஒரு கார்பன், இரண்டு நைட்ரஜன், அவ்வளவுதான். இருட்டில் அது சும்மா இருக்கும். 350 நானோமீட்டர் அளவிலான புற ஊதா ஒளி பட்டதும் நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும். மிஞ்சிய கார்பன், கண் இமைப்பதற்குள் என்றுகூடச் சொல்ல முடியாத வேகத்தில், பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எந்த சோப்பும் பிரிக்காது. இந்த உத்திக்கு வழி காட்டியவர் ஹார்வர்டின் ஃபிராங்க் வெஸ்ட்ஹைமர். 1962இல் கைமோட்ரிப்சின் என்ற செரிமான நொதியில் தொடங்கினார்.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது வேறொரு ஹார்மோனை வைத்து நானும் இதைச் செய்தேன். சிவப்பு பல்பு மட்டும் எரியும் அறை, ஐஸ் பெட்டியில் அலுமினியத் தாள் சுற்றிய குழாய்கள். விளக்கைப் போட்டது சில நிமிடம்தான். ஹார்மோனில் அடையாளத்துக்காகச் சேர்த்திருந்த கதிரியக்க ட்ரிட்டியத்தின் தடயம் ஃபிலிமில் விழ வேண்டுமே என்று மைனஸ் எழுபது டிகிரி ஃபிரீசரில் ஆறு வாரம் காத்திருந்தேன். கழுவி எடுத்தால், புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் எதிர்பார்த்த உயரத்தில் கருப்பாக ஒரு கோடு! ஆனால் பக்கத்து வரிசையிலும் அதே கோடு, அதே கருப்பு. அந்த இரண்டாவது குழாயில் சாதாரண ஹார்மோனை முன்கூட்டியே ஏராளமாகப் போட்டிருந்தேன். பஸ்ஸில் துண்டு போட்டு சீட்டு பிடிப்பதைப் போல, அது உண்மையான இடங்களை அடைத்திருக்கும். அங்கே கோடு மங்கியிருக்க வேண்டும். மங்கவில்லை. அப்படியானால் என் ஹார்மோன் கண்ட இடத்தில் ஒட்டியிருக்கிறது என்றுதான் பொருள். அன்று அந்த ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அதனால்தான் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், அலெக்ஸ் எவர்ஸ் குழு செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். 2003இல், அலோபிரெக்னனலோனின் நெருங்கிய உறவான பிரெக்னனலோனில் டையசிரீனை மாட்டி, அதை எலி மூளைச் சவ்வில் ஒளியால் ஒட்டவைத்தார்கள். மாட்டியது காபா ஏற்பி அல்ல. வீடாக்-1 என்ற வேறொரு புரதம். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச் சவ்வில் நிறைய இருப்பது. சரி, ஸ்டீராய்டு இதன் வழியாகத்தான் மூளையை மயக்குகிறதா? வீடாக் இல்லாத எலிகளில் சோதித்து, 2004இல் அதே குழுவே எழுதியது: அந்த எலிகளும் வழக்கம்போலவே மயங்குகின்றன. ஒட்டியது நிஜம், ஆனால் வேலை நடப்பது அங்கே இல்லை.

அதோடு விடவில்லை. முழு மூளையில் தேடுவதை விட்டுவிட்டு, காபா ஏற்பியின் பீட்டா-3 என்ற பகுதியைச் செல்களில் ஏராளமாக உண்டாக்கி, அதன்மேல் ஒளி பாய்ச்சினார்கள். துண்டு துண்டாக நறுக்கி, நிறை நிரல்மானியில் எடை பார்த்தார்கள். 2012இல் விடை வந்தது: 301ஆவது அமினோ அமிலம், ஃபினைல்அலனின். பிறகு டையசிரீன் கொக்கியை ஸ்டீராய்டின் வேறு வேறு மூலைகளில் மாட்டிப் பார்த்ததில், உட்காரும் இடம் ஒன்றல்ல, பல என்றும் தெரிந்தது.

மருந்து இந்த வரைபடத்துக்காகக் காத்திருக்கவில்லை. அலோபிரெக்னனலோனையே 60 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ரத்தக் குழாயில் ஏற்றும் பிரெக்ஸனலோனுக்கு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கான மருந்தாக, 2019இல் அமெரிக்கா அனுமதி தந்தது. 14 நாள் சாப்பிடும் ஜுரானலோன் மாத்திரைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது. எந்த இடத்தில் உட்கார்ந்தால் மனம் தேறும், எந்த இடத்தில் உட்கார்ந்தால் வெறும் தூக்கம் வரும் என்று பிரித்தறிய முடிந்தால், அடுத்த மருந்தைத் தூக்கக் கலக்கம் குறைவாகச் செய்யலாம். கைக்குழந்தையோடு இரவில் எழ வேண்டிய தாய்க்கு அது சின்ன விஷயமில்லை.

தங்கைக்கு இப்போது கொடுப்பது எந்த மருந்தானாலும், தேறிவிட்டாள் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் சொல்லட்டும். இரவில் ஒரு வேளையாவது குழந்தையை வேறு யாராவது வாங்கிக்கொண்டு அவரைத் தூங்க விடுங்கள்.