வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கேள்வி: வேலை அனுமதியில் குடும்பத்துடன் சிங்கப்பூரில் வசிக்கிறேன். எங்கள் கொண்டோ வீட்டின் ஒப்பந்தம் முடியவிருக்கிறது. உரிமையாளர் மாதம் 4,500 வெள்ளிக்குக் குறையமாட்டேன் என்கிறார். வெளிநாட்டவரான நான் பேரம் பேச இடமுண்டா?
— வாசகர், நொவீனா

பதில்: தாராளமாக உண்டு. "பக்கத்து வீட்டில் குறைவாம்" என்று பொதுவாகச் சொல்லாமல், நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் ஒவ்வொரு கொண்டோவுக்கும் பரப்பளவுடனும் மாதத்துடனும் வெளியாகும் வாடகை ஒப்பந்த விவரங்களை எடுத்துக்காட்டிப் பேசுங்கள். விளம்பரங்களில் காண்பது கேட்கும் தொகைதான். அங்கே இருப்பதோ உண்மையில் ஒப்புக்கொண்ட தொகை.

வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் உரிமையாளருக்கு 4,500 வெள்ளி நட்டம். ஆனால் ஈராண்டு ஒப்பந்தத்தில் மாதம் 180 வெள்ளி குறைத்தாலும் அவர் இழப்பது மொத்தம் 4,320 வெள்ளிதான். ஒழுங்காக வாடகை கட்டிவரும் குடியிருப்பாளர் பணிவாகச் சொன்னால், இந்தக் கணக்கைப் பெரும்பாலான உரிமையாளர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

ஆனால் குறைந்த வாடகைக்கு ஆசைப்பட்டு, வேலை பறிபோனாலோ வேறு நாட்டுக்கு மாற்றப்பட்டாலோ, வழக்கமாக 12 மாதங்களுக்குப் பிறகு 2 மாத முன்னறிவிப்புடன் வெளியேற வகைசெய்யும் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்ற விதியை மட்டும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். என் கணிப்பில் அது 180 வெள்ளியைவிட மதிப்புள்ளது. உரிமையாளரின் முகவர் அதே ஒப்பந்தத்தில் உங்களுக்கும் முகவராக இருக்கச் சட்டம் இடமளிப்பதில்லை என்பதால், அவருடைய ஆலோசனையை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும்போது மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் உண்டு.